பேசாத படத்துல போர்க்காலக் காதல்: மொட்டை மாடியில போட்டுப் பாக்குறது எப்படி

பெங்களூரு அல்சூர்ல எங்க வீட்டு மொட்டை மாடியில ரெண்டு மூணு வருஷமா மாசத்துக்கு ஒரு மௌனப் படம் போட்டுட்டு இருக்கோம், அதுலயும் முக்கியமா போர்க்காலக் காதல் கதைங்க, எதிரிப் படையில இருக்கறவன் மேல மனசு வெச்சவ, ஊரு ஒரு பக்கம் இழுக்க மனசு இன்னொரு பக்கம் இழுக்கற ஆளு, அந்த மாதிரி. "எப்படிடா பேச்சே இல்லாம ரெண்டு மணி நேரம் உக்காந்து பாக்குறீங்க"ன்னு கேக்காதவங்களே இல்ல, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி எனக்கு வாய் வலிச்சுப் போச்சு, அதான் மொத்தமா எழுதிட்டேன். படிச்சுட்டு நீங்களும் உங்க மாடியில போடுங்க.

முதல்ல எங்க சொதப்பல சொல்லிடுறேன். முதல் தடவை 1918-ல அமெரிக்க டைரக்டர் கிரிஃபித் எடுத்த படம் ஒண்ணு, ஹார்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட், நெட்ல கிடைச்ச ஏதோ ஒரு காப்பிய எடுத்துப் போட்டோம். முதல் உலகப் போர், பிரெஞ்சு கிராமத்துல குண்டு விழுது, பொண்ணு கல்யாணப் புடவைய, அதாவது கவுன, கையில தூக்கிட்டு பிரமை புடிச்ச மாதிரி காதலனத் தேடிப் போறா, லிலியன் கிஷ் நடிச்ச சீன், எவ்வளவு சோகமா இருக்கணும்? எங்க மாடியில ஒரே சிரிப்பு. ஏன்னா படத்துல எல்லாரும் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுல கடைசி பஸ்ஸ விட்டுட்ட மாதிரி குடுகுடுன்னு ஓடுறாங்க, கட்டிப்புடிக்கறது கூட குஸ்தி மாதிரி இருக்கு. அரை மணி நேரத்துல பாதிப் பேரு தோசை சாப்பிடக் கிளம்பிட்டாங்க. நானும் பழைய படம்னா அப்படித்தான் போலன்னு நெனச்சேன்.

அப்படி இல்லவே இல்ல. அந்தக் காலத்து கேமராவ கையால சுத்துவாங்க, செகண்டுக்கு 16, 18, 20 ஃபிரேம்னு ஆளுக்கு ஆள், சீனுக்கு சீன் மாறும். அதை அப்படியே 24 ஃபிரேம் கணக்குல ஓட்டினா எல்லாரும் ஓடத்தான் செய்வாங்க. சோகப் படம் காமெடி ஆகுறது இதனாலதான், நடிகர் மேல தப்பு இல்ல. இதுக்கு மருந்து ரொம்ப சிம்பிள், பிளேயர்ல ஸ்பீட 0.75-ல வைங்க, 24 அப்ப 18 ஆயிடும், ஆளுங்க மனுஷங்க மாதிரி நடக்க ஆரம்பிச்சுடுவாங்க. சத்தமும் கூடவே இழுத்துக்கிட்டு அழுவும், அதனால மியூட் பண்ணிடுங்க, மியூசிக்குக்கு வேற வழி இருக்கு, பின்னாடி சொல்றேன். 1920-களோட கடைசியில வந்த படங்களுக்கு இந்த வைத்தியம் பெரும்பாலும் வேண்டியதில்ல, அதுங்க கிட்டத்தட்ட இன்னைக்கு ஸ்பீடுலயே எடுத்தது. முதல் அஞ்சு நிமிஷம் நீங்க தனியா போட்டுப் பாருங்க, யாராச்சும் படி இறங்குறத, டம்ளர்ல தண்ணி ஊத்துறத கவனிங்க. தண்ணி இயல்பா விழுந்தா ஸ்பீடு சரி.

காப்பி எங்க கிடைக்கும்? அமெரிக்காவுல 95 வருஷக் கணக்கு, இந்தியாவுல சினிமாவுக்கு 60 வருஷக் கணக்கு, ஆக இந்தப் படங்கள்ல முக்கால்வாசி இப்ப பொதுச் சொத்து, யூடியூப்லயும் இன்டர்நெட் ஆர்கைவ்லயும் சட்டப்படியே கிடைக்கும். ஆனா ரெஸ்டோர் பண்ணவங்க புதுசா போட்ட மியூசிக்குக்கு தனி உரிமை இருக்கும், வீட்டு மாடியில பத்து பேரு பாக்குறதுக்கு ஒண்ணுமில்ல, டிக்கெட் போட்டு ஹால்ல போடுறதா இருந்தா மட்டும் விசாரிச்சுக்கோங்க. ஒரே படம் அஞ்சாறு காப்பி கிடக்கும், அதுல சாதாரணமா நீளமானத எடுங்க, சின்னது எல்லாம் யாரோ வெட்டினது. கலர் ஏத்தின காப்பி பாத்தா பயப்படாதீங்க, அது இப்ப செஞ்ச வேலையா இருக்கணும்னு இல்ல, அப்பவே ராத்திரி சீனுக்கு நீலச் சாயம், விளக்கு வெளிச்சத்துக்கு மஞ்ச, தீ புடிச்சா சிவப்புன்னு ஃபிலிம முக்கி எடுப்பாங்க. சாயம் இல்லாத காப்பியில ராத்திரி சீன் பட்டப்பகல் மாதிரி தெரியும், "ஏன் இவங்க வெயில்ல லாந்தர் தூக்கிட்டுப் போறாங்க"ன்னு எங்க அத்தை கேட்டது ஞாயமான கேள்வி.

திரைக்கு ஒண்ணும் வாங்காதீங்க. எட்டு முழ வேட்டி, கரை இல்லாதது, இல்லன்னா கரைய மடிச்சு உள்ள தள்ளிட்டு, ரெண்டு துணி காயப் போடுற கம்பிக்கு நடுவுல கிளிப் போட்டு நல்லா இழுத்துக் கட்டுங்க, அடியில கனமான மரக் கொம்பு ஒண்ணு சுத்துங்க, அல்சூர் ஏரிப் பக்கம் இருந்து காத்து அடிச்சா கதாநாயகி முகம் அலையடிக்கும். புரொஜெக்டர் வாடகைக்கு எடுக்கறீங்கன்னா கடையிலயே ஒரு தடவ ஆன் பண்ணிப் பாத்துட்டு எடுங்க, எங்களுக்கு ஒருத்தர் குடுத்ததுல வலது ஓரம் பூரா ஒரு ஊதா மச்சம், முழுப் படத்துலயும் வலது பக்கம் நின்னவங்க எல்லாம் அம்மை போட்ட மாதிரி இருந்தாங்க. ஏப்ரல் மே மாசம் சாயங்கால மழைய நம்பாதீங்க, டிசம்பர்ல ஸ்வெட்டரும் போர்வையும் கட்டாயம். தின்றதுக்கு காங்கிரஸ் கடலைக்காய்ங்கற மசாலா வேர்க்கடலை வேண்டாம், பேசாத படத்துல அந்த கரக் முரக் மட்டும்தான் கேக்கும். எங்க வீட்டுல இப்ப பொங்கல்தான், சத்தமே வராது.

சரி, எந்தப் படத்துல ஆரம்பிக்கலாம்? காமெடி நடிகர் பஸ்டர் கீட்டனோட தி ஜெனரல், 1926. வேற பேச்சே இல்ல. ஒண்ணேகால் மணி நேரம் சொச்சம், சின்னப் பசங்களும் உக்காருவாங்க. அமெரிக்க உள்நாட்டுப் போர்ல 1862-ல நிஜமாவே வடக்குப் படைக்காரங்க தெற்குல புகுந்து ஒரு ரயில் இன்ஜினத் திருடிட்டுப் போனாங்க, அதுல இருந்து எடுத்த கதை. ஹீரோவுக்கு ரெண்டு காதல், ஒண்ணு இன்ஜினு, ஒண்ணு அன்னபெல். இன்ஜின் டிரைவரா இருக்கறதுதான் நாட்டுக்கு உபயோகம்னு பட்டாளத்துல சேத்துக்க மாட்டேங்குறாங்க, அந்தக் காரணத்தையும் அவன்கிட்ட சொல்ல மாட்டாங்க, அவளோ யூனிஃபார்ம் போடாம என் முன்னாடி வந்து பேசாதேன்னு போயிடுறா. அவன் போய் இன்ஜின் சக்கரத்த இணைக்குற கம்பி மேல உக்காந்துக்குறான், இன்ஜின் மெதுவா கிளம்புது, கம்பி அவன மேல தூக்குது, கீழ இறக்குது, மேல, கீழ, அவனுக்கு ரெண்டாவது சுத்துலதான் தெரியுது. அழுவல, ஒரு வசனம் இல்ல, மனசு உடைஞ்சத இதவிட எப்படிக் காட்டுறது?

இதே படத்துல இன்னொரு இடம். எதிரி ஆஃபீசருங்க மீட்டிங் போடுற மேஜைக்கு அடியில இவன் ஒளிஞ்சிருக்கான், ஒருத்தன் சுருட்டு பட்டு மேஜை விரிப்புல ஓட்டை விழுது, அந்த ஓட்டை வழியா பாத்தா அன்னபெல் கைதியா நிக்குறா, வட்டத்துக்குள்ள அவ முகம் மட்டும். மௌனப் படத்துல கறுப்பு வட்டம் சுருங்கி முகத்த மட்டும் காட்டுற டெக்னிக் சும்மாவே நெறைய வரும், இங்க அத ஒரு சுருட்டு செய்யுது. இந்த இடம் வர்றப்ப எல்லாரையும் ஃபோன கீழ வைக்கச் சொல்லுங்க.

கையப் பாருங்க. நான் புதுசா வர்றவங்களுக்கு சொல்ற ஒரே பாடம் இதுதான். பேசும் படத்துல ஹீரோ நாடு பெருசா காதல் பெருசான்னு ரெண்டு பக்கத்துக்கு வசனம் பேசிடுவான், அவன் எந்தப் பக்கம்னு அவனே சொல்லிடுறான், நமக்கு வேலை இல்ல. இங்க யாரும் சொல்ல மாட்டாங்க. உதடு அசையுறதையே பாத்துட்டு இருந்தா ஒண்ணும் கிடைக்காது, நடு நடுவுல வசனம் எழுதிக் காட்டுற எழுத்து அட்டைய மட்டும் படிச்சா கதை தெரியும், ஆனா யாரு யாருக்கு விசுவாசம்ங்கறது தெரியாது. அது கையில இருக்கும், கால்ல இருக்கும், போட்டுருக்கற சட்டையில இருக்கும்.

சட்டைன்னு சொன்னேன் பாருங்க, யூனிஃபார்ம் மாத்துற சீன் வந்தா அப்ப டீ எடுக்க எந்திரிக்காதீங்க. தி ஜெனரல் படத்துல தப்பிச்சு வர்றதுக்காக எதிரி யூனிஃபார்ம் போட்டவன அவன் சொந்த ஆளுங்களே சுடுவாங்க, குண்டு வந்ததும்தான் தன் சட்டையக் குனிஞ்சு பாப்பான். 1927-ல வந்த ஹோட்டல் இம்பீரியல்ல ஆஸ்திரிய ஆஃபீசர் ஒருத்தன் ரஷ்யப் படை புடிச்சுட்ட ஊருல மாட்டிக்கிட்டு ஹோட்டல் வெயிட்டர் வேஷத்துல எதிரிக்கே பரிமாறுறான், அவன ஒளிச்சு வெக்குற வேலைக்காரப் பொண்ணு போலா நெக்ரி, ரஷ்ய ஜெனரலுக்கு அவ மேல ஒரு கண்ணு. யாரு என்ன உடுப்புல இருக்காங்கன்னு மட்டும் பாத்துட்டே வாங்க, அட்டையே தேவையில்ல.

கைக்கு வர்றேன். கிங் விடோர் எடுத்த தி பிக் பரேட், 1925, ரெண்டரை மணி நேரம், இடைவேளை விட்டுப் போடுங்க. இதுவும் முதல் உலகப் போர்தான். பணக்கார வீட்டு அமெரிக்கப் பையன் ஜிம், ஊருல நிச்சயம் பண்ண மாதிரி ஒருத்தி இருக்கா, பேண்டு வாத்தியம் போறப்ப கால் தாளம் போட ஆரம்பிச்சு அந்த வேகத்துலயே பட்டாளத்துல சேந்துடுறான், கவனிங்க, கால். பிரான்ஸ்ல மெலிசாண்ட்னு ஒரு கிராமத்துப் பொண்ணு. ரெண்டு பேருக்கும் ஒரு பாஷை இல்ல. அவளுக்கு சூயிங் கம் மெல்லக் கத்துக்குடுக்குறான், அவ முழுங்கிடுறா. பெங்களூருக்கு வந்த புதுசுல கன்னடம் தெரியாம கடையில கை காட்டியே சாமான் வாங்கினவங்களுக்கு இந்த சீன் ரொம்பப் பிடிக்கும், நானும் அதுல ஒருத்தன்.

அப்புறம் படை கிளம்புற சீன். லாரி லாரியா ஆளுங்க போறாங்க, அவ அவன் கால கட்டிப்புடிச்சுக்குறா, லாரிச் சங்கிலியப் புடிச்சுட்டு இழுபட்டுட்டே வர்றா, விட்டுடுறா, அவன் வாட்சக் கழட்டி வீசுறான், கடைசியில வீச ஒண்ணுமில்லாம ஒரு ஷூவக் கழட்டி வீசுறான். எங்க மாடியில "அய்யய்யோ செருப்பத் தூக்கி அடிக்கிறான்"னு ஒரு கூட்டமே சிரிச்சுது, நம்ம ஊருல செருப்ப வீசினா அர்த்தமே வேற இல்லயா. சிரிப்பு அடங்குறதுக்குள்ள அவ அந்த ஷூவ நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நடு ரோட்டுல உக்காந்துடுறா, வண்டி எல்லாம் போயிடுச்சு, வெறும் ரோடு. மாடியில சத்தமே இல்ல. ஒத்த ஷூ. முடிவச் சொல்லக் கூடாதுதான், ஆனா இது 1925 படம், சொல்லிடுறேன், அவன் போர்ல இருந்து ஒரு காலோட திரும்பி வர்றான். ரெண்டாவது தடவ பாக்கும்போதுதான் அந்த ஷூ எனக்கு உறைச்சுது.

அதே படத்துல காட்டுக்குள்ள வரிசையா நடந்து போற சீன் ஒண்ணு வரும். விடோர் மெட்ரோனோம்ங்கற தாளக் கருவி வெச்சு பெரிய டிரம் அடிக்கவிட்டு ஒவ்வொரு அடிக்கும் ஒரு எட்டுன்னு நடிகர்கள நடக்கவெச்சாரு. இந்த இடத்துல மியூசிக்க சுத்தமா நிறுத்திட்டு யாராச்சும் ஒருத்தர் பிளாஸ்டிக் குடத்துல கையால மெதுவா அடிங்க, டும், டும், திரையில காலப் பாத்துட்டே. நாங்க செஞ்சோம். பக்கத்து வீட்டு மாமா எம்இஜி, அதாவது ராணுவத்தோட மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்ல ஹவில்தாரா இருந்து ரிட்டையர் ஆனவரு, ஏரிக்கரை ஓரம் அந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் சென்டர் இருக்குதே, அங்க சிப்பாய்ங்களையே தம்பின்னுதான் கூப்பிடுவாங்க. அவரு அதுவரைக்கும் கையக் கட்டிட்டு உக்காந்திருந்தவரு, "இப்படி நேரா நடந்தா எல்லாம் செத்துருவானுங்க"ன்னாரு. அடுத்த நிமிஷம் ஒவ்வொருத்தனா விழ ஆரம்பிச்சான். மாமா எந்திரிச்சுப் போயி கைப்புடிச் சுவருகிட்ட திரும்பி நின்னுக்கிட்டாரு, படம் முடியற வரைக்கும் அங்கயேதான்.

மியூசிக் சொல்றேன்னேன். நெட்ல வர்ற காப்பிங்கள்ல பலதுல யாரோ கண்ட பியானோவ ஒட்டி வெச்சிருப்பாங்க, சாவு சீனுக்கு சர்க்கஸ் டியூன். அத நிறுத்துங்க. அதுக்குன்னு இளையராஜா பின்னணி இசையப் போடாதீங்க, நான் போட்டேன், பிரமாதமா பொருந்துச்சு, ஆனா எல்லாரும் அந்தப் பழைய தமிழ்ப் படத்த நெனச்சு அழுதாங்க, திரையில ஓடுற படத்துக்கு இல்ல. தெரிஞ்ச பாட்டு தன் கதையக் கூடவே கூட்டிட்டு வந்துடும். யாருக்கும் தெரியாத தனி வீணை, சாரங்கி, ஒரே ஒரு கருவி, ஆலாபனை மாதிரி வார்த்தை இல்லாதது, அது போதும். நெருக்கமான இடத்துல அதையும் நிறுத்திடுங்க.

அடுத்தது எழுத்து அட்டை. இங்கிலீஷ்ல வரும், சிலது ரஷ்யன்ல வந்து கீழ இங்கிலீஷ் ஓடும். வயசானவங்களும் பசங்களும் இருந்தா ஒருத்தர் பக்கத்துல நின்னு தமிழ்ல சொல்லணும். இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல, நம்ம ஊரு டூரிங் கொட்டாய்ல மௌனப் படம் ஓடின காலத்துல திரை ஓரம் ஒரு ஆள் நின்னு உரக்கப் படிச்சு கதை சொல்லுவாரு, ஜப்பான்ல அந்த ஆளுக்கு பென்ஷின்னு பேரு, நடிகர விட அவருக்குத்தான் கூட்டம் வருமாம். முன்னாடி நாளே படத்த ஓடவிட்டு நோட்டுல அட்டை அட்டையா தமிழ்ல எழுதிக்கோங்க, ஒரு வரிக்கு மேல வேண்டாம், எழுத்துத் தமிழும் வேண்டாம், "அன்பே நான் உன்னைப் பிரிகிறேன்"னு படிச்சீங்கன்னா கூட்டம் கலைஞ்சுடும்.

இதுல தமிழுக்குன்னே ஒரு தலைவலி இருக்கு, நீயா நீங்களா. இங்கிலீஷ் அட்டையில எல்லாருக்கும் ஒரே வார்த்தை, நாம முடிவு பண்ணியாகணும், முடிவு பண்ணும்போதே யாரு எந்தப் பக்கம்னு சொல்லிட்ட மாதிரி ஆயிடும். ரஷ்யாவுல புரோட்டசானோவ் 1927-ல எடுத்த தி ஃபார்ட்டி ஃபர்ஸ்ட், அதாவது நாப்பத்தியொண்ணாவது ஆளு. மர்யூத்கான்னு செம்படையில, அதாவது புரட்சிக்காரங்க படையில, குறி தவறாத பொண்ணு, புரட்சிய எதிர்த்த வெள்ளைப் படைக்காரங்க நாப்பது பேரச் சுட்டவ, நாப்பத்தியொண்ணாவதா ஒரு ஆஃபீசர குறி வெக்குறா, தப்பிடுது, அவன் கைதியாகுறான், அவன கொண்டுபோய்ச் சேக்குற பொறுப்பு இவளுக்கு. ஆரல் கடல்ல புயல் அடிச்சு ரெண்டு பேரும் ஒரு தீவுல தனியா மாட்டிக்குறாங்க. அவனுக்கு ஜுரம், இவ பாத்துக்குறா, அவன் கதை சொல்றான், காதல்.

நான் முதல்ல அவ அவன "நீங்க"ன்னு கூப்பிடுற மாதிரி எழுதிட்டேன், கதாநாயகி இல்லயா. அத்தை விடல. அவங்க கேஜிஎஃப், அதாவது கோலார் தங்க வயல், அங்க சுரங்கத் தொழிலாளிங்க லைன் வீட்டுல வளந்தவங்க. "கைதிய எவளாச்சும் வாங்க போங்கன்னு கூப்பிடுவாளா, வாடான்னு சொல்லு"ன்னாங்க. ரொம்ப சரி. அதுல இருந்து இப்படி வெச்சேன், ஆரம்பத்துல அவ அவன வாடா போடா, படிச்ச திமிர்ல அவன் அவள கிண்டலா நீங்க, ஜுரம் வந்தப்புறம் டா விழுந்துடுது, வெறும் நீ, அவனும் நீ. ரெண்டு பேரும் நீ-ன்னு ஆகுறப்ப கேக்கறவங்களுக்கு காதல்னு தனியா சொல்லவே வேண்டாம். அப்புறம் கடல்ல ஒரு படகு வருது, அவன் கட்சி ஆளுங்க படகு, அவன் கையத் தூக்கிட்டு ஓடுறான். அவ கையில துப்பாக்கி. அந்த இடத்துல அட்டை இருந்தாலும் நான் வாயத் திறக்கறது இல்ல.

உறவு முறையும் அப்படித்தான், இங்கிலீஷ்ல இருக்கறத அப்படியே சொன்னா பாதி சுவை போயிடும். ரெக்ஸ் இங்ராம் 1921-ல எடுத்த தி ஃபோர் ஹார்ஸ்மென் ஆஃப் தி அபோகலிப்ஸ், நடிகர் வாலன்டினோவ ஒரே படத்துல ஸ்டார் ஆக்குனது, டேங்கோ ஆடுவாரே அதுதான். அர்ஜென்டினாவுல ஒரு பெரிய பண்ணைக்காரர், ரெண்டு பொண்ணு, ஒரு மாப்பிள பிரெஞ்சுக்காரர், இன்னொரு மாப்பிள ஜெர்மன்காரர். தாத்தா செத்ததும் குடும்பம் ரெண்டாப் பிரிஞ்சு ஐரோப்பாவுக்குப் போகுது, 1914-ல போர் வருது. அட்டையில பேரனுங்கள கசின்னு போட்டிருக்கும். கசினாம். அக்கா தங்கச்சி பெத்த பசங்க நமக்கு அண்ணன் தம்பி, அவங்க அப்பாங்க ரெண்டு பேரும் சகலை. "சகலைங்க ரெண்டு பக்கம், அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் துப்பாக்கியோட"ன்னு சொல்லிப் பாருங்க, மாடி முழுக்க நிமிந்து உக்காரும். கடைசியில ரெண்டு படைக்கும் நடுவுல இருக்கற சேத்துல அந்த ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்குறாங்க, அடையாளம் தெரியுது, அதுக்குள்ள ஒரு குண்டு வந்து விழுது. காதல் பக்கமும் இதே இழுபறிதான், வாலன்டினோ விரும்புறவளுக்கு ஏற்கனவே புருஷன் இருக்காரு, அவரு போர்ல கண்ணு போயி வர்றாரு, இவ நர்ஸா அவரு பக்கத்துல. போகவும் முடியல, இருக்கவும் முடியல.

அன்னைக்கு படம் பாத்தவங்கள்ல எதிர் வீட்டு ஆன்ட்டி ஒருத்தங்க, கன்னடக்காரங்க, தமிழ் மாப்பிளையக் கட்டிக்கிட்டவங்க. இடைவேளையில பாத்திரத்த அலம்பிட்டே சொன்னாங்க, "1991 டிசம்பர்ல காவேரி கலாட்டா நடந்துச்சே, எங்க அண்ணா வாசல்ல நின்னு வா நம்ம மனைக்கு போலாம்னு கூப்பிடுறாரு, உள்ள இவரு ஜன்னல சாத்திட்டு உக்காந்திருக்காரு, நான் நடு ஹால்ல கையில சாம்பார் கரண்டியோட நிக்குறேன்." அப்புறம் என்ன ஆச்சுன்னு நாங்க கேக்குறதுக்குள்ள ரெண்டாவது பாதி ஆரம்பிச்சுடுச்சு. அந்தக் கரண்டி எனக்கு இன்னும் கண்ணுல இருக்கு.

இன்னொரு விஷயம், படம் வந்த வருஷத்தப் பாக்காம உக்காராதீங்க. போர் நடந்துட்டு இருக்கும்போது எடுத்ததா, முடிஞ்சு எடுத்ததாங்கறதுல எல்லாமே மாறிடும். நான் சொதப்புன அந்த 1918 படம் பிரிட்டிஷ் அரசாங்கம் உதவி செஞ்சு எடுத்தது, அதுல ஜெர்மன்காரன் எல்லாம் அரக்கன். அந்த சமயத்துல எரிக் ஃபான் ஸ்ட்ரோஹைம்னு ஒரு நடிகர் ஜெர்மன் வில்லனாவே நடிச்சுட்டு இருந்தாரு, ஒரு படத்துல அழுவுற குழந்தைய ஜன்னல் வழியா வீசுவாரு, அப்படி. ஏழு வருஷம் கழிச்சு பிக் பரேட்ல பயனட்டோட ஜெர்மன்காரன் மேல பாயுற ஜிம்முக்கு அவன் முகத்தப் பாத்ததும் குத்த வரல, சிகரெட் குடுக்குறான். 1927-ல பார்ப்ட் வயர், அதாவது முள்கம்பி, அந்தப் படம் வந்தப்ப ஜெர்மன் போர்க்கைதிதான் ஹீரோ, பிரெஞ்சு விவசாயப் பொண்ணு அவன விரும்புறா, அவனுக்காக சாட்சி சொல்றா, ஊரே அவள ஒதுக்குது. கம்பி வேலி மாறல, அதுக்கு எந்தப் பக்கம் கேமரா நிக்குதுங்கறதுதான் மாறிப்போச்சு. இந்த மூணையும் வருஷ வரிசையில மூணு வாரம் போடுங்க, நல்லா இருக்கும்.

தி பர்த் ஆஃப் எ நேஷன், 1915, எல்லா லிஸ்டுலயும் முதல்ல வரும், வடக்குக் குடும்பம் தெற்குக் குடும்பம் நடுவுல காதல்னு கதையும் நம்ம தலைப்புக்குப் பொருத்தம்தான். ஆனா கு க்ளக்ஸ் க்ளான்ங்கற வெள்ளைக்கார இனவெறிக் கூட்டத்த வீரர்களாக் காட்டுற படம் அது, கறுப்பின மக்கள் அமைப்புங்க அப்பவே எதிர்த்துப் போராடினாங்க. பசங்கள வெச்சுட்டு மாடியில போடுற படம் இல்ல, படிக்கறதுக்காக தனியா பாக்கறவங்க பாருங்க. தி ஜெனரல் படம் கூட தெற்குப் பக்கம் நின்னுதான் கதை சொல்லுது, தெற்கு விடாமப் புடிச்சுட்டு இருந்த அடிமைத்தனம்ங்கற பேச்சே அதுல வராது, அத மட்டும் ஆரம்பத்துல ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போடுங்க.

விங்ஸ் 1927, சிறந்த படத்துக்கான முதல் ஆஸ்கார் வாங்கினது, விமானச் சண்டைக்காகப் பாக்கலாம், காதல் சுமார். தி லாஸ்ட் கமாண்ட் 1928, புரட்சிக்காரி ஒருத்தி தான் கொல்ல வேண்டிய ஜார் ஜெனரல் மேலயே மனசு வெக்குறா, இது நம்ம ரகம், விட்டுடாதீங்க. ஏபல் கான்ஸ் எடுத்த ஜாக்யூஸ் 1919, ஒரு பொண்ணு, அவ புருஷன், அவள விரும்புற கவிஞன், ரெண்டு ஆம்பளையும் ஒரே பதுங்கு குழியில. செத்தவங்க எந்திரிச்சு வர்ற சீன்ல நிஜ சிப்பாய்ங்க லீவுல வந்தப்ப நடிச்சாங்க, அவங்கள்ல பல பேரு திரும்பிப் போயி செத்துட்டாங்க. கிட்டத்தட்ட மூணு மணி நேரம், ரெண்டு ராத்திரியாப் பிரிச்சுக்கோங்க.

நம்ம படம் ஒண்ணு கூட இல்லயான்னு கேப்பீங்க. தமிழ்நாட்டுல எடுத்த மௌனப் படங்கள் கிட்டத்தட்ட மொத்தமும் போச்சு. ஃபிலிம் தீப்பிடிக்கிற சரக்கு, பாதுகாக்க யாரும் இல்ல. தெற்குல தப்பிச்சு நிக்கறது மார்த்தாண்ட வர்மா, 1933, சி.வி.ராமன் பிள்ளை நாவல வெச்சு திருவிதாங்கூர் அரியணைச் சண்டைய எடுத்தது, நடுவுல அனந்தபத்மநாபன் பாருக்குட்டி காதலும் இருக்கு. நாவல் உரிமை வழக்குல மாட்டி படம் முடங்கிடுச்சு, அதனாலயே பிரிண்ட் பத்திரமா இருந்து பின்னாடி புனே ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேந்துச்சு. வழக்கு போட்டவங்களுக்கு ஒரு கும்பிடு. எங்கயாச்சும் திரையிடுறாங்கன்னு காதுல விழுந்தா லீவு போட்டுட்டுப் போங்க.

தமிழ் வாத்தியாரா இருக்கற நண்பன் ஒருத்தன், இதெல்லாம் நமக்கு ஒட்டாதுன்னு முதல்ல வர மாட்டேன்னான். முல்லைப்பாட்டு 103 வரிதான்டா, பாசறையில ராஜாவுக்குத் தூக்கம் வரல, அடிபட்ட யானைய நெனைக்குறான், செத்த வீரர்கள நெனைக்குறான், வீட்டுல அவ மழைக்காலம் வந்துடுச்சேன்னு படுத்துக் கிடக்குறா, ரெண்டு பேரும் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் ஒரு வார்த்தை பேசறதில்ல, அது மட்டும் ஒட்டுதான்னு கேட்டேன். இப்ப வேட்டி அவனோடதுதான்.

கடைசியா லைட்டு. படம் முடிஞ்ச உடனே டக்குனு சுவிட்சப் போடாதீங்க, வேட்டி வெள்ளையா ஒளிர்ற மாதிரி புரொஜெக்டர ஒரு ரெண்டு நிமிஷம் சும்மா விட்டு வைங்க. ஃபார்ட்டி ஃபர்ஸ்ட் போட்ட அன்னைக்கு அந்த ரெண்டு நிமிஷத்துல அத்தை மட்டும் பேசினாங்க, "அவன் கண்ணு நீலமா?" கதையில நீலக் கண்ணுன்னுதான் எழுதியிருக்கு, ஆனா அந்தக் காலத்து ஃபிலிம் பலதுக்கு நீலம் வெளுத்துத்தான் தெரியும், சிவப்பு கறுப்பாத் தெரியும், திரையில பாத்து கலர் சொல்ல முடியாதுன்னு சொன்னேன். "எனக்குத் தெரிஞ்சுது"ன்னு சொல்லிட்டு பொங்கல் பாத்திரத்த எடுத்துட்டு கீழ இறங்கிட்டாங்க.